தயிர் சாதத்துக்கு ஒரு கதுப்பு மாம்பழம்

கேள்வி:

என் மாமனாருக்கு 68 வயது. 12 வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், ஊசி இல்லை. போன மாதம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.6 வந்தது. சித்திரை பிறந்துவிட்டால் ராத்திரி தயிர் சாதத்துக்கு மாம்பழம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்த வருஷம் என் கணவர் பழத்தை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மாமா சண்டை போடவில்லை. ஒன்பதரை மணிக்குத் தட்டில் உட்கார்ந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, பேசாமல் எழுந்து போகிறார். சாயங்காலம் வாக்கிங் போகிற வழியில் ஜூஸ் கடையில் நிற்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் 7 வயது மகன் தாத்தா கையால் பிசைந்து கொடுத்தால்தான் தயிர் சாதம் சாப்பிடுவான். அவனும் இப்போது அடம் பிடிக்கிறான். மாம்பழம் கொடுத்தால் பையனுக்குச் சூட்டுக்கட்டி வரும் என்கிறார் என் அம்மா. தயிரும் பழமும் சேர்ந்தால் விஷம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வேறு. நான் யார் பக்கம் நிற்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

சேலத்தில் குடியிருந்துகொண்டு மாம்பழத்தை வாசலோடு திருப்பி அனுப்ப ஒரு வைராக்கியம் வேண்டும். உங்கள் கணவருக்கு அது இருக்கிறது. அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோய்ச் செய்கிறார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பிடித்து வெளியே நிறுத்தியிருப்பது தப்பான ஆளை.

உங்கள் கடிதத்தில் வயது இருக்கிறது, மாத்திரையின் பெயர் இருக்கிறது, 7.6 இருக்கிறது, ஜூஸ் கடைகூட இருக்கிறது. மாமா ராத்திரி எவ்வளவு சோறு சாப்பிடுகிறார் என்பது மட்டும் இல்லை. உணவு ஆலோசனைக்கு என்னிடம் நேரில் வருகிறவர்களும் இப்படித்தான். பழம் என்றால் எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். ஸ்வீட் என்றால் தலையைக் குனிந்துகொண்டாவது சொல்வார்கள். சோறு என்று கேட்டால் மட்டும் "கொஞ்சம்தான் மேடம்". அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்க்கத்தான் என் மேஜைக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டும், குழிக்கரண்டியும், சின்னத் தராசும் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துக்கொள்கிற அளவைப் போட்டுக் காட்டச் சொல்வேன். தராசு 300 கிராம் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். தயிர் சாதத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். குழையப் பிசைந்தால் சோறு அடங்கிப்போகும், தட்டில் கொஞ்சமாகத் தெரியும், மென்று தின்னும் வேலையும் இல்லை. இரண்டு தட்டு தானாக இறங்கிவிடும்.

உங்கள் மாமாவும் 300 கிராம் சாப்பிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் சோற்றில் மட்டும் 84 கிராம். நடுத்தரமான பங்கனப்பள்ளி ஒன்றை முழுதாகச் சாப்பிட்டால் தோலும் கொட்டையும் போக 200 கிராம் சதை இருக்கும். 100 கிராமுக்கு 15 என்று கணக்குப் போட்டால் 30 கிராம். இரண்டும் சேர்ந்து 114. அதில் நாலில் மூன்று பங்கு சோறு கொடுத்தது. பழத்தை நிறுத்திய பிறகும் அந்த 84 அப்படியே இருக்கிறது. பழம் இல்லாத வெறுப்பில் ஊறுகாயோடு இன்னொரு கரண்டி சோறு போனால், அதிலேயே பழத்தில் பாதியளவு மாவுச்சத்து திரும்பி வந்துவிடும். உப்பு வேறு கூடும்.

பழம் இனிக்கிறது, சோறு இனிக்கவில்லை; அதனால் நாக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ரத்தத்தில் எவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறுகிறது என்று பார்க்கிற கிளைசீமிக் குறியீட்டில் பழுத்த மாம்பழம் பெரும்பாலும் 50-இலிருந்து 60-க்குள் நிற்கும். வெள்ளைச் சோறு பெரும்பாலும் அதற்கு மேலே. அதற்காக மாம்பழம் சர்க்கரைக்கு மருந்து என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அதுவும் கணக்கில் வர வேண்டிய பொருள்தான். சோற்றுக்கு மேலே அதை ஏற்றி வைப்பதில்தான் வினை. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் அதை வைக்கலாம்.

இந்தப் பாடத்தை நான் ஒரு நோயாளியிடம் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். மா, பலா, வாழை, சப்போட்டா எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்து வந்தார், சராசரி ஏறியிருந்தது. பழம் ஒன்றுகூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்தார், உண்மையும் அதுதான். கூட வந்த அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: சாயங்காலம் டீயோடு ஒரு பாக்கெட் பிஸ்கட் போகிறதாம். நான் அவரைப் பார்த்தேன். "நீங்க பிஸ்கட்டை அடிக்கலையேம்மா" என்றார். வாத்தியார் அல்லவா, கேள்வித்தாளில் இருந்ததற்கு மட்டும் பதில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னால், அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று கேட்காமல் நான் எழுதுவதில்லை. உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது ஜூஸ் கடை.

அந்தக் கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வீட்டு மாம்பழத்தைவிட மோசம். ஒரு டம்ளர் ஜூஸுக்கு ஒரு பழத்துக்குக் குறையாமல் அரைப்பார்கள், சீனி போடுவார்கள், பால் ஊற்றுவார்கள். மென்று சாப்பிட்டால் கால் மணி நேரம் ஆகக்கூடியது இரண்டு நிமிஷத்தில் தொண்டையைத் தாண்டிவிடும். அதுவும் பசியோடு, வெறும் வயிற்றில். ஆறு மணிக்குப் பசியோடு நடக்கப் போகிறவர், ஒன்பதரை மணிக்கு ஊறுகாய்ச் சோறுதான் என்று தெரிந்தவர், அந்தக் கடையைத் தாண்டிப் போக மாட்டார். நானாக இருந்தாலும் போக மாட்டேன்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நேரம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். வாக்கிங்கைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து 15, 20 நிமிஷம் தெருவிலோ மொட்டை மாடியிலோ மெதுவாக நடந்தால், சாப்பாட்டில் ஏறுகிற சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும். பேரனையும் கூட அனுப்புங்கள். ஒன்பதரைக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதைவிட இது எவ்வளவோ மேல். சீரியல் பார்க்கிற நேரம் இடிக்கும் என்று தெரியும். அந்தப் பஞ்சாயத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பழத்தை மதியத்துக்கே மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று சுற்று வரும். அதன் மேல் மாம்பழமும் வந்தால் கணக்கு கைமீறிப் போகும். ரசத்தை டம்ளரில் குடித்துவிட்டு ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ள மாமா சம்மதித்தால் மதியமும் சரிதான். ஆனால் பேரனுக்குப் பிசைந்து கொடுத்தபடி சாப்பிடுவது ராத்திரிச் சாப்பாடு. அதைக் கலைக்க எனக்கு மனசில்லை.

இனி தட்டு. உட்கார்ந்தவுடன் தயிர் சாதம் வேண்டாம். முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரிப் பிஞ்சு, அல்லது பாசிப்பயறு சுண்டல், அல்லது மதியக் கீரைக் கூட்டில் மிச்சம். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போய் வயிற்றில் இடம் பிடித்தால், பின்னால் வருகிற மாவுச்சத்து நிதானமாக ஏறும். அதற்குப் பிறகு 120 கிராம் சோறு. தராசு வேண்டாம், முதல் நாள் மட்டும் அளந்து, உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு குழிக்கரண்டி வரும். புழுங்கலரிசி நல்லது. கூழாகக் கரைக்காமல் பருக்கை தெரியும்படி பிசையுங்கள்; குழைந்த சோறு சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகும். பல் பிரச்சினை இருந்தால் தனிப் பேச்சு. தயிரைத் தாராளமாக, 150 கிராம் ஊற்றலாம். 5 கிராம் புரதம் கிடைக்கும், சோறு குறைந்ததும் தெரியாது. மாம்பழம் தொட்டுக்கொள்கிற நாளில் தாளிப்பே வேண்டாம் என்பது என் கட்சி. உப்பு மட்டும் போட்ட தயிர் சாதத்துக்குத்தான் பழம் சேரும். இஞ்சியும் பச்சை மிளகாயும் பெருங்காயமும் வந்தால் இரண்டும் சண்டை போடும்.

அதன் பக்கத்தில் ஒரு கதுப்பு. பழத்தைக் கொட்டையை ஒட்டி இரண்டு பக்கமும் சீவினால் வருமே, அதில் ஒன்று. நடுத்தரப் பழத்தில் சதை 80, 90 கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற அளவுக்கும் இது ஒத்துப்போகிறது. அன்றைக்கு வேறு பழம் கிடையாது என்பது ஒப்பந்தம். இப்போது கூட்டிப் பாருங்கள்: சோறு 34, பழம் 13, தயிர் 7. மொத்தம் 54. வெள்ளரிக்கு ஒன்றும் பெரிதாக வராது. சுண்டல் என்றால் கொஞ்சம் கூடும். பழைய தட்டில் 114 இருந்தது. மாம்பழம் உள்ளே வந்த பிறகும் பாதிக்குக் கீழே வந்துவிட்டோம்.

கொட்டையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமா கேட்பார். கொட்டையைச் சப்புவதும் பழம் சாப்பிடுவதுதான். அதில் ஒட்டியிருப்பது ஏமாற்றுகிற அளவு. அது பேரனுக்கு. இன்னொரு கதுப்பை நீங்களும் கணவரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்.

எந்தப் பழம் என்பதில் மாமாவுக்கு உங்களைவிட, என்னைவிட அதிகம் தெரியும். சேலத்துக்காரருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் என் ருசியைச் சொல்கிறேன். இமாம்பசந்தைத் தயிர் சாதத்தோடு வீணாக்கக் கூடாது, அது தனியாகச் சாப்பிட வேண்டியது. மல்கோவாவில் சாறு வழிந்து தட்டு முழுக்க ஓடும். தயிர் சாதத்துக்குப் பங்கனப்பள்ளி சரியான ஜோடி. இனிப்பும் உண்டு, கத்திக்கும் நிற்கும். நன்றாகப் பழுத்த கிளிமூக்கை மட்டமாக நினைக்கிறார்கள். லேசான புளிப்போடு அது உப்புத் தயிருக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒரு நாள் பாருங்கள். புளிப்பாக இருப்பதால் இரண்டு கதுப்பு சாப்பிடலாம் என்று மட்டும் மாமா வாதாடக் கூடாது.

வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். ஆயுர்வேதத்தில் விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று சேராத உணவு, என்று ஒரு வகுப்பு உண்டு. பாலோடு புளிப்புப் பழம் சேர்க்க வேண்டாம், வாழைப்பழத்தோடு தயிர், மோர் வேண்டாம், ராத்திரியில் தயிர் வேண்டாம் என்றெல்லாம் சொல்வார்கள். அந்த மருத்துவ முறையைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டு நடக்கட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் "சேராது" என்று இருந்ததை "விஷம்" என்று மாற்றியது வாட்ஸ்அப். தயிரே புளிப்பு, வயிற்றில் இருக்கிற அமிலம் அதைவிடப் புளிப்பு. மாம்பழம் அங்கே போய்ப் புதிதாக எதையும் திரிய வைக்கப்போவதில்லை. கல்யாண வீட்டுத் தயிர் சாதத்தில் திராட்சையும் மாதுளை முத்தும் போடுவது யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் புட்டோடு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். நாகர்கோவில் பக்கம் புட்டுக்கு மட்டிப்பழம். எளிய சாப்பாட்டுக்குப் பழுத்த பழம் துணை என்பது நம் பக்கத்துப் பழைய ருசி. தயிர் சாப்பிட்டால் ராத்திரி சளி கட்டுகிறது, ஏப்பம் வருகிறது என்று மாமாவே சொன்னால், அவர் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

சூட்டுக்கட்டியில் உங்கள் அம்மா பார்த்தது பொய் இல்லை. மாம்பழம் வருகிற மாதமும் கட்டி வருகிற மாதமும் ஒன்றாக இருப்பதால் பழத்தின் தலையில் பழி விழுகிறது. கோடையில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து, தோலில் இருக்கிற கிருமி மயிர்க்கால்களுக்குள் போவதால் வருவதுதான் கட்டி. இரண்டு வேளை குளிக்கவைத்து, வியர்த்த பனியனை மாற்றினால் போதும். ஆனால் வாயைச் சுற்றிச் சிவந்து அரித்தால் அது வேறு. காம்பிலிருந்து வடிகிற பால் தோலில் பட்டால் சிலருக்கு அப்படி ஆகும். அதற்குத்தான் நம் பாட்டிமார் பழத்தைத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி எறிந்து, நன்றாகக் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். உதடு வீங்குகிறது, மூச்சு இரைக்கிறது என்றால் பழத்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி 7 வயதுப் பையனுக்குத் தாத்தாவின் கணக்கு கிடையாது. தயிர் சாதமும் மாம்பழமும் அவனுக்கு நல்ல ராத்திரிச் சாப்பாடு. அதுவே மூன்று வேளையும் ஆகிவிடாமல் பருப்பும் முட்டையும் காய்கறியும் மற்ற வேளைகளில் போனால் சரி.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் என்ற பயம் நியாயமானது. கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்கவைக்க இந்தியாவில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு, அது பழம் தானே உண்டாக்கிக்கொள்கிற வாயுதான். கடையில் நின்று நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் ஊரில் இருக்கிற வசதி, தோப்பிலிருந்து வருகிற முற்றின காயாகவே வாங்கலாம். வைக்கோலிலோ அரிசி டிரம்மிலோ போட்டு வையுங்கள். தினமும் முகர்ந்து பார்க்கிற வேலையை மாமாவிடம் ஒப்படையுங்கள்.

அடுத்தது கண்டிப்பாகச் செய்ய வேண்டியது, இதைத் தாண்டிப் போகாதீர்கள். மாமா சாப்பிடும் கிளிமிபிரைடு, சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். 300 கிராம் சோற்றை ஒரே நாளில் 120 ஆக்கினால், ராத்திரி தாழ் சர்க்கரை வரலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, குழறிப் பேசுவது இதன் அறிகுறி. ஆகவே மாற்றத்துக்கு முன்பே அவருடைய டாக்டரிடம் சோறு குறையப்போவதையும் நேரம் மாறுவதையும் சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தால் போதும். அப்படியே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பழத்தில் இருக்கிற பொட்டாசியம் தனிக் கணக்கு. அப்போது நான் மேலே எழுதிய அளவு செல்லாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். ஏழரைக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை, முன்பு தட்டில் உட்கார்ந்த அதே நேரம். 180-க்குள் இருந்தால் பொதுவாக நல்லது. ஒரு நாள் கதுப்போடு. இன்னொரு நாள் கதுப்பு இல்லாமல், பதிலுக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக. இரண்டு நாள் எண்ணையும் மாமாவையே காலண்டரில் எழுதச் சொல்லுங்கள், அருகில் உங்கள் கணவர் இருக்கட்டும். பழத்துக்கு எண் எகிறினால் மாமாவே அரைக் கதுப்புக்கு இறங்கி வருவார். எகிறவில்லை என்றால் உங்கள் கணவருக்கும் நான் சொல்லி நம்ப வேண்டியதில்லை.

சோற்றுக்குப் பதில் சாமை, வரகு போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நார்ச்சத்து கொஞ்சம் கூடும், மாமாவுக்குப் பிடித்தால் செய்யுங்கள். ஆனால் சிறுதானியம் என்பதால் இரண்டு தட்டு என்றால் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம். ஆடி போய்ச் சீசன் முடிந்த பிறகு தயிர் சாதத்தோடு கொய்யா கொடுங்கள். நார்ச்சத்தில் அது மாம்பழத்தைப்போல் மூன்று மடங்கு, ஆனால் மாமா அதை மாம்பழம் என்று ஒத்துக்கொள்ளப் போவதில்லை. மாதுளை முத்தை உதிர்த்துப் போட்டால் கொஞ்சம் சமாதானமாவார்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். சோற்றுப் பாத்திரத்தின் பக்கம் நில்லுங்கள், கரண்டி உங்கள் கையில்தானே இருக்கிறது. பழத்தை மட்டும் நீங்கள் வாங்க வேண்டாம். தடுத்தவர் கையாலேயே வரட்டும். வேலை முடிந்து வரும்போது உங்கள் கணவர் ஒரே ஒரு பங்கனப்பள்ளி வாங்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது பழுத்திருக்கா பாருங்க" என்று நீட்டினால் போதும். கூடையாக வேண்டாம், ஒன்று. காலண்டரில் எழுதுகிற எண்களை ஒரு மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள்.